கப்பல் போகும், கரை இருக்கும்
(வடக்குப்பட்டில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இது: சொகுசுக் கப்பலில் வருகிற ஒருவர், கப்பல் துறைமுகத்தில் நிற்கும் அந்தச் சில மணி நேரத்தில், ஒரு பழைய கத்தோலிக்கத் தேவாலயத்தைப் பார்க்கப் போகிறார். எப்படிப் போக வேண்டும்? எதைப் பார்க்க வேண்டும்?

தலைப்பைச் சொன்னதும் முன்வரிசையில் இரண்டு பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டீர்கள். சிரிப்பில் நியாயம் இருக்கிறது. கடல் எங்கே, வடக்குப்பட்டு எங்கே? ஒரகடத்தை ஒட்டிய இந்த ஊர்க்காரருக்குக் கண்டெய்னர் லாரி தெரியும், சிப்காட் தெரியும், கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று தெரியும். சொகுசுக் கப்பலைப் பற்றி இங்கே வந்து பேச வேண்டுமா?

பேச வேண்டும் ஐயா, இங்கேதான் பேச வேண்டும்.

2022ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை இந்த வடக்குப்பட்டு மண்ணில் அகழாய்வு செய்தது. என்ன கிடைத்தது? கற்கால மனிதன் தட்டிச் செதுக்கிய கருவிகள் கிடைத்தன. மணிகள் கிடைத்தன, பொன் அணிகள் கிடைத்தன, பல்லவர் காலச் சிற்பங்கள் கிடைத்தன. அவற்றோடு ரோமானிய ஆம்போரா ஜாடிகளின் உடைந்த ஓடுகளும் கிடைத்தன. ஆம்போரா என்றால் இரண்டு காது வைத்த உயரமான மண்ஜாடி. திராட்சை மதுவும் ஒலிவ எண்ணெயும் நிரப்பி அனுப்புவார்கள். அதன் அடி கூர்மையாக இருக்கும், சமதரையில் தானாக நிற்காது. கப்பலின் அடித்தளத்தில் ஒன்றோடொன்று செருகி வரிசையாக அடுக்குவதற்கு ஏற்ற வடிவம் அது.

ரோமாபுரிக் கடலிலிருந்து புறப்பட்ட ஜாடி நம் வயல்காட்டுக்கு வந்திருக்கிறது. கப்பல் வராமல் ஜாடி வருமா? அன்றைக்குக் கப்பலிலிருந்து இறங்கிய பொருள் இங்கே வந்தது. இன்றைக்கு இங்கே செய்த பொருள் கப்பல் ஏறுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் செய்த கார் சென்னைத் துறைமுகத்திலும், ஒரகடத்தில் செய்த கார் எண்ணூர் காமராசர் துறைமுகத்திலும் கப்பல் ஏறுகின்றன. ஆகவே கப்பல் நமக்கு அந்நியம் இல்லை. நாம்தான் அதைப் போய்ப் பார்த்ததில்லை.

அந்தச் சென்னைத் துறைமுகத்துக்குச் சரக்குக் கப்பல் மட்டுமா வருகிறது? வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு சொகுசுக் கப்பல்களும் வருகின்றன. 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்தே ஒரு சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கியது. முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டு அதே கப்பல் இலங்கைக்குப் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நின்று நின்று போனது. ஆக, நேற்று வரை கரையில் நின்று வேடிக்கை பார்த்த நாம் இன்றைக்குப் பயணியாகவும் ஆகிவிட்டோம். இனி இந்தப் பேச்சு வெளிநாட்டுப் பயணிகளுக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும்.

இந்தப் பயணியின் நிலைமை என்ன? காலையில் கப்பல் துறையில் கட்டும். குடியேற்றச் சோதனை, பஸ்ஸில் ஏற வரிசை. மாலையில் எல்லாரும் கப்பலுக்குத் திரும்பியாக வேண்டும். இடையில் ஒரு பகல். அந்த ஒரு பகலில் கோட்டை, கடற்கரைச் சாலை, கபாலீசுவரர் கோயில், கடைத்தெரு, சாந்தோம். கணக்குப் போட்டால் சாந்தோம் தேவாலயத்துக்கு அரைமணி நேரம் கிடைக்கும். அந்த அரைமணியில் என்ன பார்ப்பது?

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. கப்பல் கொண்டுவந்து இறக்கும், இறக்கிவிட்டுப் போய்விடும். இறங்கியதை ஏற்றுக்கொள்வதும், காப்பதும், தன்னுடையது ஆக்கிக்கொள்வதும் கரைதான். கடலோரத் தேவாலயத்துக்குப் போகிறவர் கப்பலில் வந்தவனின் கதையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினால் பாதிதான் பார்த்தார். கரையில் இருந்தவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதையும் பார்த்தால்தான் அந்த அரைமணி முழுமையாகும்.

முதலில் கப்பலில் வந்தவரைப் பார்ப்போம்.

சாந்தோம் என்பது தோமையார் பெயரால் அமைந்த ஊர். இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவர் தோமையார். இயேசு உயிர்த்தெழுந்தார் என்று மற்றவர்கள் சொன்னபோது, காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று நின்றவர். கண்ணால் பார்க்க வேண்டும், கையால் தொட வேண்டும் என்று சொன்ன அந்த மனிதரின் கல்லறையைப் பார்க்கத்தான் இன்றைக்கு உலகம் கப்பலேறி வருகிறது.

அவர் இந்தியாவுக்கு எப்படி வந்தார்? ‘தோமாவின் பணிகள்’ என்று 3ஆம் நூற்றாண்டில் எழுந்த ஒரு பழைய நூல் கதை சொல்கிறது. தம்பிகளே, இந்தக் கதையை நீங்கள் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். உங்கள் கதை அதில் இருக்கிறது.

யார் எந்த நாட்டுக்குப் போவது என்று சீடர்கள் சீட்டுப் போட்டார்கள். தோமாவுக்கு இந்தியா விழுந்தது. அவர் மாட்டேன் என்றார். உடம்பில் தெம்பில்லை, நான் எபிரேயன், அந்த ஊரில் போய் எப்படிப் பேசுவேன் என்றார். அந்த நேரம் பார்த்து அபான் என்ற வணிகன் வந்து சேர்ந்தான். கொண்டோபாரஸ் என்ற இந்திய அரசன், நல்ல தச்சன் ஒருவனை அழைத்து வா என்று அவனை அனுப்பியிருந்தான். இயேசுவே தோன்றி, எனக்கு ஓர் ஆள் இருக்கிறான் என்று சொல்லி, விலைச்சீட்டு எழுதித் தோமாவை அவனிடம் விற்றுவிட்டார் என்கிறது கதை. கப்பல் கிளம்பிய பிறகு வணிகன் கேட்கிறான்: உனக்கு என்ன வேலை தெரியும்? ஆளை எடுத்த பிறகு இன்டர்வியூ! தோமா பதில் சொல்கிறார். மரத்தில் ஏர் செய்வேன், நுகத்தடி செய்வேன், துடுப்பும் பாய்மரமும் செய்வேன். கல்லில் தூண் எழுப்புவேன், அரண்மனை கட்டுவேன்.

கேட்டீர்களா? வாளோடு வந்ததாகச் சொல்லவில்லை, மூட்டை மூட்டையாகப் பொன்னோடு வந்ததாகச் சொல்லவில்லை. கையில் தொழிலோடு, காண்டிராக்டில் வந்த தொழிலாளி என்று சொல்கிறது. ஊரை விட்டு, பாஷை தெரியாத இடத்துக்கு, வேறொருவர் போட்ட கையெழுத்தின் பேரில் வேலைக்கு வருவது என்னவென்று இந்த ஒரகடம் சாலையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். தென்காசியிலிருந்து வந்த பிள்ளைக்கும் தெரியும், ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைக்கும் தெரியும்.

கதையில் இன்னொன்றும் உண்டு. அரசன் அரண்மனை கட்டக் கொடுத்த பணத்தைத் தோமா ஏழைகளுக்கு வாரிக் கொடுத்துவிட்டார். அரண்மனை எங்கே என்று அரசன் கேட்டான். இப்போது தெரியாது, நீங்கள் உலகை விட்டுப் போன பிறகு பார்ப்பீர்கள் என்றார். சிறையில் போட்டான். போடாமல் என்ன செய்வான்!

இது கதை. ஆனால் அந்த அரசன் வெறும் கதை இல்லை. கொண்டோபாரஸ் பெயர் பொறித்த காசுகள் 19ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியப் பகுதியில் கிடைத்தன. தென்னாட்டு மரபு வேறொரு வழியைச் சொல்கிறது. கி.பி. 52இல் கொடுங்கல்லூர் அருகே தோமையார் கரை இறங்கினார், 72இல் மயிலாப்பூர்ப் பகுதியில் உயிர்த்தியாகம் செய்தார் என்பது அந்த மரபு. வரலாற்றாளர்கள் இதை விவாதித்துக்கொண்டே இருப்பார்கள். விவாதிக்கட்டும். நான் கேட்பது வேறு கேள்வி. அந்தக் கல்லறையை இத்தனை நூற்றாண்டு காத்தது யார்?

போர்த்துக்கீசியர் காத்தார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். போர்த்துக்கீசியர் இந்தியாவுக்கு வந்ததே 1498இல். அதற்கு இருநூறு ஆண்டுக்கு முன்னால், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், மார்க்கோ போலோ கடல்வழியாகத் தென்னிந்தியா வந்தார். கடலோரச் சிற்றூர் ஒன்றில் தோமையார் கல்லறை இருப்பதாக எழுதினார். கிறித்தவர்களும் போகிறார்கள், முஸ்லிம்களும் போகிறார்கள் என்று எழுதினார். அந்த இடத்து மண்ணை எடுத்துவந்து காய்ச்சல் கண்டவருக்குக் கரைத்துக் கொடுக்கிறார்கள் என்றும் எழுதினார்.

பீரங்கி வருவதற்கு முன், பிஷப் வருவதற்கு முன், கோபுரம் எழுவதற்கு முன், காய்ச்சல்கார மகனுக்காகக் கைப்பிடி மண் எடுத்துப் போன தாய்மார்கள் அந்தக் கல்லறையைக் காத்தார்கள். கரை காத்தது.

பிறகு போர்த்துக்கீசியக் கப்பல்கள் வந்தன. 1523இல் கல்லறை மேல் தேவாலயம் எழுப்பினார்கள். அதைச் சுற்றிச் சாந்தோம் என்ற நகரம் வளர்ந்தது. 1606இல் அது மறைமாவட்டத்தின் தலைமை இடம் ஆயிற்று. அப்போது சென்னை என்ற நகரமே இல்லை. ஆங்கிலேயர் இங்கே இடம் வாங்கியது 1639இல்தான். 1662இல் கோல்கொண்டா படை சாந்தோமைப் பிடித்தது. 1672இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள், இரண்டு ஆண்டில் இழந்தார்கள். 1749இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். இன்று நாம் பார்க்கும் வெள்ளைத் தேவாலயம் 1893இல் தொடங்கி 1896இல் முடிந்தது. கோதிக் பாணி, 155 அடி உயரக் கூர்கோபுரம். 1956இல் அதற்குப் பசிலிக்கா என்ற தகுதி கிடைத்தது. 1986 பிப்ரவரியில் போப் இரண்டாம் ஜான் பால் இங்கே வந்து வேண்டினார்.

கப்பல் கொண்டுவந்ததெல்லாம் நன்மைதானா? இல்லை. அதையும் இந்த மேடையில் மறைக்கக் கூடாது. பழைய கபாலீசுவரர் கோயில் கடலோரத்தில் இருந்தது என்றும், போர்த்துக்கீசியர் காலத்தில் அது அழிந்தது என்றும் பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சாந்தோம் தேவாலயப் பகுதியிலேயே பழைய கோயில் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. சுற்றுலா வழிகாட்டி இதைச் சொல்லாமல் விட்டால் பயணி அரைக்கதையோடு போவார். இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினாலும் அரைக்கதைதான். ஏன்? கபாலீசுவரர் கோயில் மீண்டும் எழுந்தது. அறுபத்துமூவர் விழாவுக்கு இன்றும் தெருக்கொள்ளாத கூட்டம். நடந்து போகிற தொலைவில் சாந்தோம் மணியும் அடிக்கிறது. ஒரே மயிலாப்பூரில், ஒரே பூக்காரம்மாவிடம், சாமிக்கும் மாதாவுக்கும் மாலை வாங்குகிறார்கள். வந்தவர்கள் சண்டை போட்டுப் போய்விட்டார்கள். இருந்தவர்கள் சேர்ந்து வாழ வழி கண்டார்கள்.

இனி, கரை செய்த வேலையைப் பார்ப்போம்.

சாந்தோம் தேவாலயத்துக்குள்ளே மயிலை மாதா சிலை இருக்கிறது. மூன்றடி உயர மரச் சிலை. 1543இல் போர்த்துகலிலிருந்து கப்பலில் வந்ததாகச் சொல்வார்கள். 1545இல் பிரான்சிஸ் சவேரியார் சாந்தோமில் தங்கியிருந்தபோது அதன் முன்னே வேண்டினார் என்பது மரபு. வந்தபோது அது ஐரோப்பியச் சிலை. வந்த பிறகு அதற்குச் சேலை கட்டியது யார்? மாலை போட்டது யார்? மயிலை என்று ஊர்ப்பெயர் கொடுத்தது யார்? நிமிர்ந்து பலிபீடத்தின் பக்கம் பாருங்கள். இயேசு தாமரையின் மேல் நிற்பார், இரண்டு பக்கமும் மயில்கள். ரோமாபுரியில் இதைப் பார்க்க முடியுமா? லிஸ்பனில் பார்க்க முடியுமா? சாந்தோமுக்கு வந்தால்தான் பார்க்க முடியும்.

சற்றுத் தள்ளி லஸ் தேவாலயம். கடலில் திசை தெரியாமல் தவித்த போர்த்துக்கீசியர்களுக்குக் கரையில் ஓர் ஒளி தெரிந்ததாம். ஒளியைப் பின்பற்றி வந்து, அது மறைந்த இடத்தில் கோயில் கட்டினார்களாம். 1516ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. அவர்கள் வைத்த பெயர் ஒளியின் மாதா. ஊரார் வைத்த பெயர் காட்டுக் கோயில், ஏனென்றால் அன்று அங்கே காடு இருந்தது. இன்று காடு இல்லை, டிராபிக் சிக்னல் இருக்கிறது. காட்டுக் கோயில் என்ற பெயர் மட்டும் போகவில்லை.

வேளாங்கண்ணிக்கு வாருங்கள். புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய வணிகக் கப்பல் ஒரு செப்டம்பர் 8ஆம் நாள் கரை சேர்ந்தது என்பது அங்குள்ள மரபு. உயிர் பிழைத்தவர்கள் நன்றிக் கடனாகக் கோயில் கட்டினார்கள். கப்பலில் இருந்த பீங்கான் தட்டுகளைப் பலிபீடத்தில் பதித்தார்கள். கப்பல்காரர்கள் கொடுத்தது அந்தத் தட்டுகள். நாம் கொடுத்தது என்ன? ஆகஸ்ட் 29இல் கொடியேற்றம் நாம் கொடுத்தது. தேர்பவனி நாம் கொடுத்தது. மொட்டை போடுவது, தொட்டில் கட்டுவது, காவி உடுத்தி, சப்பரம் இழுத்துக்கொண்டு சென்னையிலிருந்து கால் கொப்பளிக்க நடந்தே போவது, அத்தனையும் நாம் கொடுத்தது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய செய்தியா? உலகத்தைப் பாருங்கள். இத்தாலியில் வெனிஸ் நகரம். அங்கே புனித மாற்கு தேவாலயம். அந்த மாற்குவின் உடல் 828இல் அலெக்சாண்டிரியாவிலிருந்து கப்பலில் கடத்தி வரப்பட்டது என்று அவர்களே பெருமையாகச் சொல்வார்கள். நம் தோமையாரின் எலும்புகளில் பெரும்பகுதியும் எடெசா, கியோஸ் தீவு என்று பயணம் போய், 1258இல் இத்தாலியின் ஓர்த்தோனா நகரத்துக்குக் கப்பலில்தான் போய்ச் சேர்ந்தன. கப்பலால் பிழைத்த ஊர் வெனிஸ். அந்த வெனிஸே என்ன செய்தது? பெரிய சொகுசுக் கப்பல்கள் புனித மாற்கு சதுக்கத்தை ஒட்டி வரக் கூடாது என்று 2021 ஆகஸ்டு முதல் தடை வந்தது. ஏன்? ஆயிரக்கணக்கானவர் ஒரே நேரத்தில் இறங்கி, படம் எடுத்து, ஒரு மணி நேரத்தில் ஏறிப் போனார்கள். கப்பல் எழுப்பும் அலையை அந்த ஊரின் அடித்தளமும் தாங்கவில்லை, அந்தக் கூட்டத்தை ஊராரும் தாங்கவில்லை.

பார்க்க வருகிறவரால் பார்க்கும் பொருளே கெடலாமா? வழிபடுகிறவர் ஒதுங்கி நிற்க, வேடிக்கை பார்க்கிறவர் முன்னே நிற்கலாமா?

இதற்குச் சாந்தோமில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. கல்லறை நிலத்தடியில் இருக்கிறது. அதற்கு வழி தேவாலயத்துக்குப் பின்புறம், வெளியிலிருந்தே தனியாக அமைத்திருக்கிறார்கள். மேலே திருப்பலி நடக்கும்போது கீழே பயணிகள் வந்து போகலாம். பூசைக்குத் தொந்தரவு இல்லை, பயணிக்கும் ஏமாற்றம் இல்லை. படி இறங்கினால் சிறிய சிற்றாலயம். வெயிலில் வந்தவருக்கு உள்ளே குளுமை. தலை குனிந்து முழந்தாளிட்டிருப்பவர்களில் பலர் கிறித்தவர் அல்லாதவராக இருப்பார்கள், அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. விருந்தாளிக்கும் வீட்டாருக்கும் தனித்தனி வாசல் வைத்து, இருவரையும் மதித்த ஏற்பாடு அது.

இப்போது அந்த அரைமணிக்கு வருகிறேன். கப்பலிலிருந்து இறங்கி வருகிறவருக்கு நான் மூன்று சொல் சொல்வேன்.

முதல் சொல்: வாசலில் நில்லுங்கள். செருப்பை விடுவதா, தலையை மூடுவதா, எந்தப் பக்கம் நிற்பது என்று புத்தகத்தில் தேடாதீர்கள். உள்ளூர் அம்மா ஒருவர் எப்படிப் போகிறார் என்று பார்த்து அப்படியே போங்கள். ஸ்ரீபெரும்புதூரில் இராமானுசர் சந்நிதிக்கு வெளியூர்க்காரர் வந்தால் அவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோமோ, அதைத்தான் அவர்களும் எதிர்பார்க்கிறார்கள்.

இரண்டாம் சொல்: எல்லாவற்றையும் பார்க்க ஓடாதீர்கள். ஒன்றைப் பாருங்கள். மயிலை மாதாவைப் பார்ப்பதா, மயில்களுக்கு நடுவே தாமரையைப் பார்ப்பதா, கல்லறையைப் பார்ப்பதா? ஒன்றை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் அதன் முன்னே உட்காருங்கள். பத்து இடத்தில் எடுத்த படம் போனில் இருக்கும். பத்து நிமிடம் பார்த்தது மனத்தில் இருக்கும்.

மூன்றாம் சொல்: ஒருவரிடமாவது பேசுங்கள். மெழுகுவத்தி விற்கும் பாட்டி இருப்பார், பெருக்கித் துடைக்கும் அம்மா இருப்பார், மணி அடிக்கும் பெரியவர் இருப்பார். இந்தக் கோயிலுக்கு எத்தனை வருடமாக வருகிறீர்கள் என்று கேளுங்கள். கல்வெட்டு சொல்லாத வரலாறு அவர்கள் வாயில் இருக்கிறது. தேவாலயத்துக்குப் பின்னே கடலோரமாக நிற்கும் தோமையார் கம்பத்தைக் காட்டி, இதைத் தாண்டிக் கடல் வராது என்று சொல்வார்கள். 2004 சுனாமி நாளைப் பற்றியும் சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் கேளுங்கள்.

தோழர்களே, இத்தனையும் கப்பலில் வருகிற வெளிநாட்டாருக்குச் சொல்லிவிட்டேன். உங்களுக்கு?

இங்கிருந்து தாம்பரம் போய் மின்ரயில் ஏறினால் வழியிலேயே பரங்கிமலை. அதன் உச்சியில் 1523இல் எழுந்த தேவாலயம். 1547இல் அங்கே கிடைத்த கற்சிலுவையில் இருப்பது பாரசீகத்துப் பஹ்லவி எழுத்து. போர்த்துக்கீசியருக்கு முன்பே பாரசீகத் தொடர்புள்ள கிறித்தவர்கள் இங்கே இருந்ததற்கு அது சாட்சி. மலைக்குப் படி கட்டியவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டியவரும் அவரே, 1726இல். பிழைக்க வந்த ஊருக்குப் படியும் பாலமும் கொடுத்துவிட்டுப் போன மனிதர். இந்தத் தொழிற்பேட்டைக்கு எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்திருக்கிற பிள்ளைகள் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

நீங்கள் கத்திப்பாரா வழியாக எத்தனை முறை போயிருப்பீர்கள்! மலையைப் பார்த்திருப்பீர்கள், ஏறியிருக்க மாட்டீர்கள். உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து காசு கட்டி, கப்பல் ஏறி, கடல் கடந்து ஒருவர் வருகிறார். நாமோ குறைந்த டிக்கெட் காசில் போகக்கூடிய இடத்தைப் பார்க்காமல் ஓய்வு பெற்றுவிடுகிறோம்.

வாராந்திர விடுமுறை ஒன்றை ஒதுக்குங்கள். வட மாநிலத்திலிருந்து வந்த அறைத்தோழனையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஜூலை 3 தோமையார் திருநாள், ஆகஸ்டு 15 லஸ் காட்டுக் கோயில் திருநாள். திருநாளில் போனால் கரை செய்த வேலையை முழுதாகப் பார்க்கலாம். மதம் எதுவாக இருந்தாலும் போங்கள். கோயில் யாருடையது என்று பார்த்துப் போகிற வழக்கம் மார்க்கோ போலோ வந்த காலத்திலேயே இந்தக் கரையில் இல்லை, இனிமேலும் வர வேண்டாம்.

கப்பல்கள் இன்னும் வரும். வருகிறவர்கள் வழி கேட்பார்கள், கதை கேட்பார்கள். அப்போது பதில் சொல்ல வேண்டியவர்கள் கரையில் இருக்கிற நாம்தான். வந்தவருக்கு வழி சொல்ல வேண்டுமென்றால் ஊர்க்காரருக்கு முதலில் வழி தெரிந்திருக்க வேண்டும். அடுத்த கப்பல் வருவதற்குள் நீங்கள் ஒருமுறை போய்வாருங்கள்.